மலைமேல் ஒரு கப்பல்

கப்பல் பிரயாணம் செய்துவிட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டைப் பற்றிச் சொல்வார்கள். தலைசுற்றலைப் பற்றிச் சொல்வார்கள். பக்கத்து அறைக்காரரின் குறட்டையைப் பற்றிக் கூடச் சொல்வார்கள். என் நண்பர் ஒருவர் மட்டும் வேறு விதமாகச் சொன்னார். "ராத்திரி இரண்டு மணிக்கு, எல்லோரும் தூங்கின பிறகு, மேல் தளத்தில் தனியாக உலாவ வேண்டும், ஐயா! பகலெல்லாம் ஹோட்டல் மாதிரி இருந்த வஸ்து அப்போதுதான் கப்பலாக மாறும். எங்கேயோ அடியில் இயந்திரம் முனகும். எவனோ ஒருத்தன் விழித்துக்கொண்டிருப்பான். அவன் விழித்திருக்கிற தைரியத்தில்தான் ஆயிரம் பேர் தூங்குகிறோம் என்று அந்த நேரத்தில்தான் உறைக்கும்."

எனக்குக் கப்பல் ஏறும் பிராப்தம் இதுவரை வாய்க்கவில்லை. எங்கள் ஆசிரியர் என்னை அனுப்பி வைத்தது ஜவ்வாது மலைக்கு. ஆனால், வாசகர்களே, அந்த நண்பர் சொன்ன அனுபவத்தை ஒரு குறைவும் இல்லாமல் அங்கே நான் அடைந்தேன். சமுத்திரம் ஒன்றுதான் இல்லை. அதற்குப் பதிலாக இருட்டு இருந்தது.

வாணியம்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஆலங்காயம் போய், அங்கிருந்து மலைப் பாதையில் வளைந்து வளைந்து ஏறினால் காவலூர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 700 மீட்டர் உயரம். ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு படம் பிடித்துக்கொள்கிற மலை அல்ல இது. சாமை விளையும், பலா காய்க்கும், தேன் கிடைக்கும் மலை. ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பேர்போன காடு. மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற இடம். (கேரளத்துக்காரர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள்.) அந்தக் காட்டின் நடுவே, மரங்களுக்கு மேலே, வெள்ளை வெளேரென்று சில பெரிய குமிழிகள் தெரிகின்றன. அதுதான் வைனு பாப்பு வானாராய்ச்சி நிலையம். பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்துவது.

பொதுமக்கள் வந்து பார்ப்பதற்கென்று அங்கே தனி நேரம் உண்டு. நான் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு ராத்திரி முழுவதும் உலாவி வரலாம் என்று போயிருந்தேன். மார்ச் மாதம். அமாவாசையை ஒட்டிய நாள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கினதுதான் தாமதம், வளாகம் முழுவதும் இருண்டுவிட்டது. ஒரு விளக்கு இல்லை. ஜன்னல்களில் கனத்த திரைகள். எனக்கு வழித்துணையாக வந்தவர் அந்த மலையிலேயே பிறந்து, அங்கேயே ராத்திரி வேலை பார்க்கிற உதவியாளர். ஐம்பதை நெருங்குகிற வயது. நான் வழக்கம்போலக் கைபேசி விளக்கைத் தட்டினேன்.

"அணைங்க ஸார், அணைங்க!" என்று பதறிவிட்டார் மனிதர், கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவனைப் பார்த்தது போல. "அரை மணி நேரம் சும்மா நில்லுங்க. கண்ணு தானாப் பழகிடும்."

நின்றேன். முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு மரங்களின் விளிம்பு தெரிந்தது. பிறகு பாதை தெரிந்தது. நட்சத்திர வெளிச்சத்தில் பாதை தெரியும் என்று கதைகளில் படித்திருக்கிறேன். எழுத்தாளர்கள் சொல்வதில் எப்போதாவது உண்மையும் இருக்கும் போலிருக்கிறது! அவர் கையில் ஒரு சின்ன டார்ச் விளக்கு, அதன் முகத்தில் சிவப்புக் காகிதம். சிவப்பு வெளிச்சம் மட்டும் இருட்டுக்குப் பழகின கண்ணைக் கெடுக்காதாம்.

தெற்கே பார்க்கச் சொன்னார். தென்மேற்கு மூலையில் அகத்தியர் நட்சத்திரம் இறங்கிக்கொண்டிருந்தது. வடக்கே, மரங்களின் தலைக்குச் சற்று மேலே, துருவ நட்சத்திரம் ரொம்பவும் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. காவலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரியில் இருக்கிறது. எந்த ஊரில் நின்றாலும், அந்த ஊர் வடக்கே எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி உயரத்தில்தான் துருவன் நிற்பான். அந்தக் காலத்து மாலுமிகள் அவனைப் பார்த்துத்தான் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டார்கள். துருவன் இப்படித் தாழ்ந்து நிற்பதில்தான் காவலூரின் யோகமே இருக்கிறது. வட வானம் முழுவதையும் பார்த்துக்கொண்டு, தென் வானத்திலும் பெரும் பகுதியை எட்டிப் பிடிக்கலாம். லண்டன்காரர்கள் ஜன்மம் முழுவதும் தங்கள் ஊரில் நின்று பார்க்க முடியாத தென் சிலுவை மண்டலத்தை நான் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, சாவகாசமாகப் பார்த்தேன்.

இந்த இடத்தைத் தேடிப் பிடித்தவர் வைனு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்தவர். தகப்பனார் ஹைதராபாத் நிஜாமியா வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். ஆகவே பையனுக்குத் தொட்டிலே டெலஸ்கோப் பக்கத்தில்தான் என்று சொல்லலாம். ஹார்வர்டில் படிக்கப் போன இடத்தில், 1949-ல், ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அது இன்றைக்கும் பாப்பு, பாக், நியூகர்க் என்ற மூன்று பேர்களைத் தாங்கி வானத்தில் உலாவுகிறது. 1960-ல் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தின் தலைமைக்கு வந்தார். கோடைக்கானல் சூரியனைப் பார்க்க ஏற்ற இடம். ராத்திரி வானத்துக்கு அங்கே மேகத் தொல்லை அதிகம். வேறு மலை வேண்டுமென்று அலைந்து, கடைசியில் ஜவ்வாது மலையில் வந்து நின்றார். கோடைக்கானலில் தாங்களே செய்த 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, 1968-ல் வானம் பார்க்கத் தொடங்கினார்கள்.

நான் பார்க்கப் போனது அதன் பெரிய தம்பியை. 2.34 மீட்டர் கண்ணாடி. பழைய கணக்கில் ஏறக்குறைய 92 அங்குலம். கும்மட்டத்துக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தபோது, குதிரை லாடம் போன்ற ஒரு ராட்சச இரும்பு வளையம் இருட்டில் மங்கலாகத் தெரிந்தது. அதன் பிடியில் டெலஸ்கோப். மேலே கும்மட்டம் பிளந்து, ஒரு கீற்று வானம். 'கிர்ர்' என்று ஒரு சத்தம். கும்மட்டம் முழுவதும் மெதுவாகத் திரும்பியது. ஒரு நிமிஷம், நான் நின்ற தரைதான் திரும்புகிறது என்று நினைத்துப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்!

பிற்பாடு யோசித்தால், நான் நினைத்ததில் தப்பில்லை. பூமி சுழல்கிற கணக்கில், இந்த மலையும், மலைமேல் நானும், மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறோம். எந்தக் கப்பலும் இந்த வேகத்தில் போனதில்லை. ஓடுகிற மேல்தளத்தில் நின்றபடி ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காக டெலஸ்கோப் எதிர்த் திசையில் அணு அணுவாகத் திரும்பிக்கொண்டேயிருக்கிறது. கீழே முனகும் இயந்திரம் அதற்குத்தான்.

கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரம் எங்கே என்று தேடினேன். அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான். நட்சத்திரத்தின் ஒளி, தலைமுடி போன்ற கண்ணாடி இழை வழியாகக் கீழே ஓர் அறைக்கு வருகிறது. அங்கே அதை வானவில் மாதிரி வர்ணம் வர்ணமாகப் பிரிக்கிறார்கள். வானசாஸ்திரி இருப்பது இன்னோர் அறையில், கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால். அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தது ஓர் ஆராய்ச்சி மாணவி. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பக்கத்தில் பிளாஸ்கில் தேநீர், ஒரு பொட்டலம் முறுக்கு.

"எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"மூணு ராத்திரி கொடுத்திருக்காங்க, ஸார். முதல் நாள் மேகம். நேத்து ஈரம் ஜாஸ்தி, கும்மட்டத்தைத் திறக்கவே விடலை. இன்னிக்குத்தான் கடைசி."

விஷயம் இதுதான். டெலஸ்கோப் ஒன்று, கேட்பவர்கள் பலர். மாதக் கணக்குக்கு முன்பே எழுதிக் கேட்டு, ஒரு குழு பரிசீலித்து, இன்னாருக்கு இத்தனை ராத்திரி என்று பங்கு போட்டுத் தருகிறார்கள். மழைக் காலத்தில் வேலையே நடக்காது. கொடுத்த ராத்திரி மேகத்தில் போனால் போனதுதான். மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அந்தப் பெண்ணின் ஆராய்ச்சிக் கட்டுரையில் ஓர் அத்தியாயம் அந்த ராத்திரியை நம்பி இருந்தது. மிகப் பழைய நட்சத்திரம் ஒன்று. அதில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் ஒளியைச் சேகரித்தால்தான் கணக்கு தேறும்.

ஒன்றரை மணிக்கு உதவியாளர் வெளியே போய்விட்டு வந்தார். "அம்மா, மேற்கே ஏறுது" என்றார். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. முறுக்கை மட்டும் கீழே வைத்தாள்.

நானும் வெளியே வந்தேன். மேற்கு வானத்தில் மேகம் பரவிக்கொண்டிருந்தது. அடிவயிறு முழுவதும் பழுப்பு வெள்ளையாக, பாலைக் கொட்டிக் கலக்கினது போல் இருந்தது. "நிலா இல்லையே, இவ்வளவு வெளிச்சம் எங்கிருந்து?" என்று கேட்டேன்.

உதவியாளர் கையை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். "அதோ, அது திருப்பத்தூர். இந்தப் பக்கம் வாணியம்பாடி. வடக்கே தெரியுதே, அது ஆம்பூர். நான் சின்னப் பையனா இருந்தப்ப மேகம் வந்தா கறுப்பா வரும் ஸார். நட்சத்திரம் மறையறதை வெச்சுத்தான் மேகம்னு கண்டுபிடிப்போம். இப்ப வெள்ளையா வருது."

வாசகர்களே, ஆம்பூர் என்றால் உங்களுக்கும் எனக்கும் பிரியாணி ஞாபகம் வரும். தோல் பதனிடும் தொழில் ஞாபகம் வரும். காவலூர்க்காரர்களுக்கு அது வடக்கு வானத்தின் அடியில் ஒரு கறை. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை ஆம்பூர், வாணியம்பாடி வழியாகத்தான் போகிறது. சாலை விளக்கு, பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், விளம்பரப் பலகை என்று வருஷத்துக்கு வருஷம் வெளிச்சம் கூடுகிறது. அதில் ஒரு பகுதி தரையில் விழாமல் ஆகாயத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே யாரும் பேப்பர் படிக்கவில்லை!

மேகம் போகிற வரையில் சும்மா இருப்பானேன் என்று இருவரும் ஒரு மீட்டர் டெலஸ்கோப் இருக்கும் கும்மட்டம் வரை நடந்தோம். 1972-ல் ஜெர்மனியின் ஜைஸ் கம்பெனியிலிருந்து வந்தது அது. வந்த வருஷமே, ஜூன் 7-ஆம் தேதி, வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, ஜாவாத் தீவிலிருந்தும் இந்த ஜவ்வாது மலையிலிருந்தும் ஒரே சமயத்தில் கவனித்தார்கள். நட்சத்திரம் பட்டென்று அணையாமல் மெல்ல மங்கியதிலிருந்து, கானிமீடுக்கும் காற்று மண்டலம் உண்டு என்று சொன்னார்கள். அது அவர்கள் எண்ணியதை விட மிக மிக மெல்லியது என்பது பிற்பாடு தெரிந்தது.

அதைவிடச் சுவாரசியமானது 1977 மார்ச் 10-ஆம் தேதி ராத்திரி நடந்தது. யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போக இருந்தது. அமெரிக்காவிலிருந்து எலியட் என்ற விஞ்ஞானி, டெலஸ்கோப் பொருத்திய ஆகாய விமானத்தில் ஏறி, இந்து மகாசமுத்திரத்தின் தென் கோடிக்கு மேலே இருட்டில் பறந்துகொண்டிருந்தார். இங்கே ஜவ்வாது மலையில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் இந்த ஒரு மீட்டர் டெலஸ்கோப்போடு விழித்திருந்தார்கள். மறைப்புக்கு முன்னாலேயே, எதிர்பாராத சமயத்தில், நட்சத்திரத்தின் ஒளி சில வினாடிகள் குன்றி மறுபடி சரியாகிவிட்டது. அங்கேயும் அப்படி; இங்கேயும் அப்படி. புதிய துணைக்கோளாக இருக்குமோ என்று முதலில் நினைத்தார்கள். கணக்குகளை ஒப்பிட்டபோது அது யுரேனஸைச் சுற்றியுள்ள வளையம் என்று தெரிந்தது! சனி கிரகத்துக்கு மட்டுமே உண்டென்று மனிதன் முன்னூறு வருஷங்களுக்கு மேலாக நம்பியிருந்த வளையம். நம் ஊரெல்லாம் போர்த்திக்கொண்டு தூங்கின அந்த நேரத்தில், இந்தக் கும்மட்டத்தில் இரண்டு பேர் விழித்திருந்தார்கள். கப்பல் நண்பர் சொன்னது எனக்கு இங்கேதான் ஞாபகம் வந்தது.

பாப்புவின் கதையை முடிக்கவில்லையே! 2.34 மீட்டர் டெலஸ்கோப் அவருடைய கனவு. வெளிநாட்டில் ஆர்டர் கொடுத்து வாங்காமல், கண்ணாடியை இங்கேயே தேய்த்து மெருகிட்டு, இந்த நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1979-ல் உலக வானசாஸ்திரிகளின் சர்வதேச சங்கத்துக்குத் தலைவரானார். 1982 ஆகஸ்ட் 19-ஆம் தேதி, மியூனிக் நகரத்தில், ஐம்பத்தைந்து வயதில் காலமானார். டெலஸ்கோப் இன்னும் முடியவில்லை. 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்து, டெலஸ்கோப்புக்கும் நிலையத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். 2016-ல் இமயமலைச் சாரலில் தேவஸ்தல் டெலஸ்கோப் வருகிற வரையில், முப்பது வருஷங்கள், இந்தியாவிலேயே பெரியது இதுதான். கப்பலைக் கட்டியவர் அதில் ஒரு ராத்திரி கூடப் பிரயாணம் செய்யவில்லை.

திரும்பி வரும்போது உதவியாளரிடம் கேட்டேன். "அண்ணே, நீங்கள் இந்த மலைக்காரர். ஊருக்கு விளக்கு வரக் கூடாது என்று சொல்வீர்களா?"

அவர் சிரித்துவிட்டார். "எங்க அம்மாகிட்ட வந்து அப்படிச் சொல்லிப் பாருங்க ஸார், துடைப்பத்தை எடுப்பாங்க! நான் பொறந்தது சிம்னி விளக்குல. எங்க தாத்தாவைப் பாம்பு கடிச்சது இருட்டுல. கரண்ட் வந்த அன்னிக்கு எங்க ஊர்ல யாரும் தூங்கலை. பல்பைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தோம்."

நான் வாயை மூடிக்கொண்டேன். நகரத்திலிருந்து வந்து இருட்டின் பெருமையைப் பேசுவது சுலபம். இருட்டில் பிரசவம் பார்த்தவர்களிடம் அதைப் பேச முடியாது.

ஆனால் வழக்கு அப்படி இரண்டில் ஒன்றாக இல்லை என்பது என் அபிப்பிராயம். நிலையத்தார் கேட்பது விளக்கே வேண்டாம் என்பதல்ல. விளக்குக்கு ஒரு தொப்பி போடுங்கள் என்பதுதான். வெளிச்சம் பாதையில் விழட்டும். மேலே போக வேண்டாம். இதற்குச் செலவு அதிகமில்லை. மின்சாரம் கூட மிச்சம். செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே பழைய பாடம் இருக்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் வானாராய்ச்சி நிலையம் கட்டினார்கள். அதன் கருங்கல் தூண் தமிழ்க் கல்வெட்டோடு இன்றைக்கும் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. 1861-ல் போக்சன் துரை அங்கிருந்துதான் ஒரு சிறு கிரகத்தைக் கண்டுபிடித்து 'ஏஷியா' என்று பெயர் வைத்தார். அவருக்கு உதவியாளராக இருந்த ரகுநாதாச்சாரி, ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு அதே இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஏழு நட்சத்திரம் எண்ணுவதற்குள் கழுத்து வலிக்கும். இப்போது இந்த நிறுவனத்தார் லடாக்கில், 4,500 மீட்டர் உயரத்தில், ஹான்லே என்ற இடத்தில் ஒரு டெலஸ்கோப் வைத்திருக்கிறார்கள். அங்கே சுற்றுவட்டாரத்தையே இருட்டுக் காப்பகமாக 2022-ல் அறிவித்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஹான்லேயிலிருந்து தென் சிலுவையைப் பார்க்க முடியாது.

மூன்று மணி சுமாருக்கு மேகம் விலக ஆரம்பித்தது. "அம்மா! கிழக்கே திறந்துடுச்சு!" என்று உதவியாளர் ஓடினார். அந்தப் பெண்ணும் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கு ஓடி வந்து பார்த்துவிட்டு, மறுபடி ஓடினாள். தெற்கே விருச்சிகம் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு முழுவதுமாக மேலே வந்திருந்தது. பால்வீதி அதன் வாலைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. கும்மட்டம் 'கிர்ர்' என்று திரும்பியது.

விடிவதற்கு முன்னால் இரண்டு தடவை ஒளி சேகரிக்கத்தான் நேரம் இருந்தது. அவளுக்கு வேண்டியது நாலு தடவை. முதலாவது முடிந்ததும் திரையில் வெள்ளைக் கோடுகள் வரிசை வரிசையாக வந்தன. எனக்கு அது துணிக்கடைப் புடவைக் கரை மாதிரி இருந்தது. அவள் அதில் ஓர் இடத்தைத் தொட்டு, "இதோ, இரும்பு" என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. இரண்டாவது முடிவதற்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிட்டது. யாரும் பேசவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்தது. "போதுமா?" என்று கேட்டேன். "போதாது ஸார். ஆனா ஒண்ணும் இல்லாம போகலை" என்று சொல்லிவிட்டு, பாக்கியிருந்த முறுக்கை என் பக்கம் நகர்த்தினாள்.

கும்மட்டத்தை மூடினார்கள். காட்டில் பறவைகள் கத்த ஆரம்பித்துவிட்டன. நிலையத்தார் திரையை இழுத்து விட்டுக்கொண்டு படுக்கப் போனார்கள். உதவியாளர் தம் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு, வழியில் தம் வீட்டில் காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அழைத்துப் போனார். வாசலில் அவருடைய தாயார் சாணம் தெளித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. பல்புக்கு மேலே, எண்ணெய் டின்னை வெட்டித் தட்டிச் செய்த ஒரு தகரத் தொப்பி.

"இது யார் யோசனை பாட்டி?" என்று கேட்டேன்.

"அவன்தான் மாட்டினான். மேல வெளிச்சம் போவக் கூடாதாம்!" என்றார் பாட்டி, பல்பை அணைத்துக்கொண்டே. "எனக்கு அதெல்லாம் தெரியாது சாமி. மழையில பல்பு நனையாம இருக்குது. அது வரைக்கும் நல்லதுதான்."